1962 பிரிசிஷன் பேஸை அப்படியே செய்தால் ஜேமர்சன் சத்தம் வருமா?

நாலுகம்பி (திரியைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசை ஒன்றைக் கையில் எடுக்கப் போகிறேன். திட்டுகிறவர்கள் இப்போதே திட்டிவிடுங்கள், மரம் வாங்கின பிறகு வேண்டாம்.

ஜேம்ஸ் ஜேமர்சன். 60களில் டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனம் போட்ட பாட்டுகளில் ஏராளமானவற்றுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர். அவர் கையில் இருந்தது ஃபெண்டர் கம்பெனியின் 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ், சன்பர்ஸ்ட் நிறம். 'ஃபங்க் மெஷின்' என்று பேர் வைத்திருந்தார். 1983 ஆகஸ்டில் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னால் அது திருட்டுப் போய்விட்டது.

அந்தச் சத்தம்தான் எனக்கு வேண்டும். தடியாக, குட்டையாக, 'டும்' என்று விழுந்து உடனே அடங்குகிற சத்தம். அந்தக் காலத்து ஃபெண்டர் வாங்க நமக்கு வசதி இல்லை. அதனால் ஒருவரிடம் சொல்லிச் செய்யப் போகிறேன். ஆல்டர் மர உடல், மேப்பிள் மர நெக் (கழுத்து), 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 20 ஃபிரெட், நட் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை) அகலம் ஒன்றே முக்கால் அங்குலம், ஃபிங்கர்போர்டு (விரல் அமுக்கும் பலகை) வளைவு ஏழே கால் அங்குலம், ஆல்னிகோ 5 காந்தம் போட்ட பிக்கப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்), நைட்ரோ லாக்கர் பூச்சு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992இலிருந்து பன்னாட்டு வணிகத் தடை, அதனால் ஃபிங்கர்போர்டுக்கு நம்ம ஊர் ஈட்டி மரம். மொத்தம் 1,80,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

ஸ்பாஞ்ச்சாமி

1,80,000 வேண்டாம். 180 ரூபாய்க்கு ஸ்பாஞ்ச் வாங்குங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்து பிரிசிஷனில் பிரிட்ஜின் (உடல் பக்கம் கம்பிகள் உட்காரும் பாகம்) மேல் ஒரு குரோம் மூடி இருக்கும், அதன் உள்பக்கம் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. கம்பிகளை அது அமுக்கிக்கொண்டே இருக்கும். நிறைய பேர் மூடியைக் கழற்றிப் போட்டார்கள், ஜேமர்சன் கழற்றவில்லை. நீங்கள் சொல்லும் 'விழுந்து உடனே அடங்குகிற' குணம் அதிலிருந்துதான் வருகிறது.

அடுத்தது கம்பி. லா பெல்லா ஃபிளாட்வூண்ட், 52 முதல் 110 வரை கனம் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). சுற்றுக் கம்பி தட்டை நாடாவாக இருப்பதால் உரசல் சத்தமே கிடையாது. அதையும் அறுந்தால் ஒழிய அவர் மாற்றமாட்டார். வியர்வையும் அழுக்கும் ஏற ஏற மேல் சுரங்கள் செத்து, அடிச்சுரம் மட்டும் மிஞ்சும். அழுக்கைத் துடைக்காதே, ஃபங்க் அதில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி.

மூன்றாவது ஒரு விரல். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே எல்லாம் வாசித்தார். 'கொக்கி' என்று அதற்குப் பட்டப்பெயர். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸிலிருந்து வந்தவர், பழக்கம் போகவில்லை. இந்த மூன்றில் எதையாவது உங்கள் தச்சர் செய்து தருவாரா?

உளிச்சத்தம்

தச்சர் என்று இளக்காரமாகச் சொல்கிறீர்கள். நானும் அந்தத் தொழில்தான், கிட்டார் செய்து பதினோரு வருடம் ஆகிறது.

முதலில் திரி போட்டவருக்கு. தம்பி, 1962 என்றால் எந்த 1962? அந்த வருடம் நடுவில்தான் ஃபெண்டர் ஃபிங்கர்போர்டை மாற்றியது. முதல் பாதியில் வந்தவற்றில் ரோஸ்வுட் கனமான பட்டைப் பலகை, அடிப்பக்கம் தட்டை. பிறகு வந்தவற்றில் நெக்கின் வளைவோடு வளைத்து ஒட்டிய மெல்லிய பலகை. ஜேமர்சனுடையது எது என்று பார்க்கலாம் என்றால் பேஸே கையில் இல்லை. இதை முடிவு பண்ணாமல் 'அப்படியே செய்கிறேன்' என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இப்போது ஸ்பாஞ்ச்காரருக்கு. மரம் ஒன்றுமே இல்லை என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தஞ்சாவூர் வீணைக்கு ஏன் பலாமரம் தேடுகிறார்கள்? மரம் பேசாது என்றால் மாமரத்தில் குடைந்துவிட்டுப் போகலாமே?

ஸ்பாஞ்ச்சாமி

வீணையை இழுத்ததற்கு நன்றி, எனக்கு வசதியாகப் போயிற்று. வீணையில் குடம் உள்ளே குடைந்தது. கம்பி அதிர, மேல் பலகை அதிர, உள்ளே இருக்கும் காற்று அதிர்ந்து நம் காதுக்கு வருகிறது. நாம் கேட்பதே மரத்தை. பேஸ் கிட்டார் திடமான கட்டை. கம்பி காந்தத்துக்கு மேலே அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அதுதான் ஸ்பீக்கருக்குப் போகிறது. கட்டை பேசினாலும் கேட்க அங்கே யாருமில்லை.

உளிச்சத்தம்

கம்பி எதில் கட்டியிருக்கிறது? காற்றிலா? ஒரு முனை நெக்கில், ஒரு முனை உடலில். நெக் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் கூடவே ஆடினால் கம்பியின் சக்தியை அது உறிஞ்சிவிடும். பிரிசிஷன் வாசிக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஜி கம்பியில் ஐந்தாறு ஃபிரெட் பக்கம் ஒரு சுரம் மட்டும் பொசுக்கென்று செத்துப்போகும். அது ஸ்பாஞ்ச் வேலையா, மர வேலையா?

கன்சோல்காரன்

இரண்டு பேரும் வாத்தியத்தையே சுற்றி வருகிறீர்கள். அது போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்கள்.

டெட்ராய்ட், வெஸ்ட் கிராண்ட் புலவார்ட், 2648ஆம் எண் வீடு. மோடவுன்காரர்கள் 1959இல் வாங்கினார்கள். பின்னால் இருந்த பகுதிதான் ஸ்டுடியோ ஏ, 'பாம்புக்குழி' என்பார்கள். அங்கே பேஸுக்கு ஆம்ப் வைத்து முன்னால் மைக் நிறுத்திப் பதியவில்லை. நேரடியாக ஒயர் இழுத்து ஒலிப்பதிவு மேசைக்குக் கொடுத்தார்கள். அந்த இணைப்புகளைச் செய்தது அவர்களுடைய தொழில்நுட்பத் தலைவர் மைக் மெக்லீன். ஆம்பெக் பி-15 ஆம்ப் ஜேமர்சன் மேடைக்குக் கொண்டுபோனது.

தனியாகப் பிரித்தெடுத்த பேஸ் டிராக்குகள் இணையத்தில் சுற்றுகின்றன. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பலமாக இழுக்கிற சுரங்களில் ஓரத்தில் மெல்லிய கரகரப்பு இருக்கும். மேசையின் உள்வாங்கும் பகுதி கொஞ்சம் திணறுகிறது. முனை மழுங்கி, சத்தம் தானே சமமாகிவிடுகிறது. நாலுகம்பி கேட்கிற 'தடி' பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது என்பேன். ஆல்டரிலிருந்து இல்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம், 1971. தலைப்புப் பாட்டில் ஜேமர்சன். 'மெர்சி மெர்சி மீ', 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' இரண்டிலும் வாசித்தது பாப் பாபிட். எத்தனை வருடம் நீங்கள் எல்லாவற்றையும் ஜேமர்சன் என்று நினைத்துக் கேட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

நாலுகம்பி

நேற்று வரைக்கும்.

ஸ்பாஞ்ச்சாமி

கன்சோல் அண்ணா, அந்த உதாரணம் உங்களுக்கே திரும்பும். சத்தத்தின் நிறம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் நடை? 'இன்னர் சிட்டி'யில் பாபிட் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே உட்காருகிறார். தலைப்புப் பாட்டில் ஜேமர்சன் ஒரு இடத்தில் நிற்பதில்லை. திறந்த கம்பியைத் தொட்டுத் தாவுகிறார், தாளத்துக்கு முன்னால் ஒரு எட்டு வைத்துவிட்டுப் பின்வாங்குகிறார். குடித்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து வாசித்தார் என்று கதை வேறு. கதையோ நிஜமோ, அந்தத் தாவலை யாரும் மரத்தில் செதுக்கித் தர முடியாது.

மிருதங்கம்விட்டவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஒரு சந்தேகம். தம்புராவில் குதிரைக்கு மேல் கம்பிக்கடியில் நூல் வைத்து 'ஜீவா' வரவழைக்கிறோம். மேல் சுரங்கள் நீண்டு ரீங்காரம் போட வேண்டும் என்பதற்காக. இங்கே அதே இடத்துக்குப் பக்கத்தில் ஸ்பாஞ்ச் வைத்து ஜீவனை எடுக்கிறீர்கள். ஒரு விரல்கடை நூலுக்கும் ஒரு விரல்கடை ஸ்பாஞ்சுக்கும் இவ்வளவு வித்தியாசம் என்றால், இவ்வளவு நீள மரத்தைப் பற்றி ஏன் சண்டை?

உளிச்சத்தம்

நல்ல கேள்வி, ஆனால் பாதிதான். ஜேமர்சனின் நெக் வளைந்துபோய் ஆக்‌ஷன் (பலகைக்கு மேல் கம்பியின் உயரம்) தூக்கிக்கொண்டு இருந்தது என்று வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களால் அதில் அமுக்கவே முடியாதாம். 110 கனத்தில் கம்பி, அவ்வளவு உயரம். அதில் வாசித்தால் கை வேறு மாதிரிதான் போகும். சும்மா தொட்டால் சத்தம் வராது, தோண்டி எடுக்க வேண்டும். தோண்டினால்தான் கன்சோல்காரர் சொல்கிற கரகரப்பு. ஆக வாத்தியம் கையை ஆட்டுவிக்கிறது, கை மேசையை ஆட்டுவிக்கிறது. நீங்கள் மூன்றையும் தனித்தனியாக அறுத்து விலை போடுகிறீர்கள்.

ஸ்பாஞ்ச்சாமி

இது நியாயம். ஆனால் ஆக்‌ஷனை உயர்த்த ஒரு ஆலன் சாவி போதும்.

கன்சோல்காரன்

ஒரு விஷயம் மறந்துவிட்டது. மோடவுன் 1972இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது, ஜேமர்சனும் பிறகு போனார். அதே கை, அதே பேஸ். அங்கே பழைய மாதிரி எடுபடவில்லை. காலமும் மாறிவிட்டது, உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வூண்டின் பளிச்சென்ற சத்தம் கேட்டார்கள். அதனால் 'எல்லாம் விரலில்' என்கிற பேச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

நாலுகம்பி

பத்து நாள் கழித்து வருகிறேன். சண்டையை வைத்தே ஒரு வேலை பார்த்தேன்.

என்னிடம் ஒரு இந்தோனேசிய பி-பேஸ் (பிரிசிஷன் மாதிரி) இருக்கிறது, 28,000 ரூபாய்க்கு வாங்கியது, உடல் பாப்லர் மரம். அதில் 52-110 ஃபிளாட்வூண்ட் போட்டேன். 110 கம்பி நட் பள்ளத்துக்குள் உட்காரவே இல்லை, அரத்தால் ராவ வேண்டியிருந்தது. பிரிட்ஜ் பக்கம் ஸ்பாஞ்ச். ஒரு விரல். கணினியில் பதியும் இன்டர்ஃபேஸில் சத்தத்தைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டேன். நண்பர் ஒருவரிடம் ஆல்டர் உடல் போட்ட அமெரிக்க பிரிசிஷன், அதில் ரவுண்ட்வூண்ட் கம்பி. மூன்று பதிவு: அ, என்னுடையது ஸ்பாஞ்சோடு. ஆ, நண்பருடையது அப்படியே. இ, நண்பருடையதிலும் ஃபிளாட்வூண்ட், ஸ்பாஞ்ச்.

எது எது என்று சொல்லாமல் உளிச்சத்தம் அண்ணாவுக்குத் தனியாக அனுப்பினேன். என்ன சொன்னார் என்பதை அவரே சொல்லட்டும்.

உளிச்சத்தம்

'ஆ' பதிவை உடனே பிடித்துவிட்டேன். அதைப் பிடிக்கக் காது தேவையில்லை. 'அ'வுக்கும் 'இ'வுக்கும் நடுவில் பந்தயம் கட்டினேன், 'அ'தான் ஆல்டர் என்றேன். தப்பு. நட் பள்ளத்தை ராவியது யார் என்று தெரியாது, ஆனால் ராவியவருக்கு வாழ்த்து.

ஸ்பாஞ்ச்சாமி

180 ரூபாய்.

நாலுகம்பி

அவசரப்படாதீர்கள் சாமி. பதிவில் வராத இரண்டு விஷயம் இருக்கிறது. என் பேஸில் ஜி கம்பி ஆறாவது ஃபிரெட் செத்த சுரம். ஸ்பாஞ்ச் இருக்கும்போது தெரியவில்லை, எல்லாமே குட்டையாகத்தானே கேட்கிறது. ஸ்பாஞ்சை எடுத்தால் ஓட்டை மாதிரி தெரிகிறது. நண்பருடையதில் அங்கே அவ்வளவு மோசமில்லை. அப்புறம் அந்தக் கனமான கம்பியின் இழுப்பில் என் நெக் நான்கே நாளில் வளைந்துவிட்டது. நெக்கை நிமிர்த்தும் டிரஸ் ராடை முழுக்கத் திருகியாகிவிட்டது, இனி அது திரும்பாது. சென்னை ஈரம் வேறு.

கன்சோல்காரன்

அப்படியானால் உடலுக்குக் காசு போடாதீர்கள், பிக்கப்புக்கும் வேண்டாம். மிச்சத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள நல்ல டிஐ பெட்டி (பேஸை நேரடியாக மேசைக்குக் கொடுக்கும் பெட்டி) ஒன்று வாங்குங்கள்.

நாலுகம்பி

அதைத்தான் யோசித்தேன். உளிச்சத்தம் அண்ணா, நெக் மட்டும் செய்து தருவீர்களா? கனமான மேப்பிள், ஈட்டிப் பலகை, 110 கம்பியைத் தாங்க வேண்டும். ஜேமர்சன் நெக்கின் அடியில் 'ஃபங்க்' என்று கீறி வைத்திருந்தாராம், அதை மட்டும் நானே கீறிக்கொள்கிறேன்.

உளிச்சத்தம்

செய்யலாம். மரம் இரண்டு மாதம் கடையில் உட்கார்ந்து ஈரம் சமமாக வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. ஈட்டிக்கு பில் இருக்கிறதை மட்டும்தான் வாங்குவேன். தலையில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லாதீர்கள், ஒட்டமாட்டேன். 42,000 ஆகும்.

இப்போதாவது சொல்லுங்கள், எந்த 1962?

நாலுகம்பி

முதல் பாதி. கனமான பலகை.

ஸ்பாஞ்ச்சாமி

ஸ்பாஞ்ச் கலர் என்ன என்று யாருமே கேட்கவில்லை.