மறு: நாக்ஸுக்குத் தமிழ்ச்சொல்: 'புகைவெடியம்' சரிவருமா?

> நாக்ஸ் வண்டிப்புகையில் வருவதுதானே. 'புகைவெடியம்' என்றால் கேட்டதும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நாக்ஸ் (NOx) என்பது நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற இரு வாயுக்களுக்கான கூட்டுப்பெயர். நைட்ரஜனைக் குறிக்கும் 'வெடியம்' மேல் எனக்குச் சண்டை இல்லை. வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) நாம் புழங்கிய சொல்தான். உறுத்துவது 'புகை'.

ஐப்பசியில் மின்னல் வெட்டும் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 கெல்வின் வரை சூடேறுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் உடைந்து நைட்ரிக் ஆக்சைடாகச் சேர்கின்றன. அங்கே புகை ஏது? யூரியா போட்ட வயலில் மண் பாக்டீரியாக்களும் இதையே வெளிவிடுகின்றன. வீட்டு கேஸ் அடுப்பின் நீலச்சுவாலையிலும் இது உண்டு. டீசல் எஞ்சினுக்குள் நடப்பதும் ஏறக்குறைய மின்னல் செய்யும் வேலைதான். நைட்ரஜன் வருவது பெரும்பாலும் டீசலிலிருந்து அல்ல, உள்ளே இழுத்த காற்றிலிருந்து. (நிலக்கரி வேறு கதை, அதற்குள்ளேயே நைட்ரஜன் இருக்கிறது.) இன்று மனிதர் எரிப்பதில் வருவதே பெரும்பங்கு, மறுக்கவில்லை. அதற்காக மின்னலைப் புகைக்குள் தள்ள முடியுமா?

பாடநூல் போல 'நைட்ரஜன் ஆக்சைடுகள்' என்றால் சிரிப்பூட்டும் வாயுவும் (நைட்ரஸ் ஆக்சைடு) உள்ளே வந்துவிடும். அது நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்கும் பசுங்குடில் வாயு. நாக்ஸில் இருப்பவை நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் மட்டுமே. ஓசோன் பட்டால் முதலாவது இரண்டாவதாகும். வெயில் பட்டால் திரும்ப முதலாவதாகும். நிமிடக்கணக்கில் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால்தான் இரண்டையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆகவே என் பரிந்துரை: நைட்ராக்சிணை. மின்னல்வழி நைட்ராக்சிணை, மண்வழி நைட்ராக்சிணை, எரிப்புவழி நைட்ராக்சிணை என்று மூலத்தை முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். 'இணை'யிலேயே இரண்டும் இருப்பதால் 'கள்' வேண்டாம் என்று நினைக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

– – –

> என் பரிந்துரை: நைட்ராக்சிணை

'இணை' பிடித்திருக்கிறது. ஆனால் இலங்கையில் நாங்கள் நைதரசன், ஒட்சைட்டு என்றுதான் படித்தோம். அந்தக் கணக்கில் இது 'நைதரொட்சிணை' ஆகும். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்! ஐயாவின் வெடியத்தையே எடுத்து 'வெடியிணை' என்றால் இரு கரைக்கும் பொதுவாக இருக்குமே. ஆக்சைடு உதிர்ந்துவிடுகிறது, தெரியும். பட்டாசுக்கடைப் பெயர்போல இருக்கிறது என்பீர்கள், அதுவும் தெரியும்.