புதுப்பிப்பு: மொட்டையடித்த மரத்தின் வெட்டுவாயில் தார் பூசலாமா?

மின்கம்பிக்காக மொட்டையடித்த வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் தார் பூசச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன்: பூசாதீர்கள். வேலூர் வெயிலில் தார் வெடிக்கும், விரிசலில் மழைநீர் தங்கும், உள்ளே பூஞ்சை வளரும். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. உள்ளே தடுப்புச்சுவர் எழுப்பி, வெளியே புதுப்பட்டையால் மூடுகிறது. அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னதும் இதுதான்.

பூச்சைவிட வெட்டுமிடம்தான் முக்கியம். முண்டு விடாமல், கிளையடியில் வீங்கியிருக்கும் வளையத்தைச் சேதப்படுத்தாமல் அதையொட்டி வெளியே அறுக்கவும். கனமான கிளையை முதலில் ஓரடி தள்ளிக் கீழிருந்து கால்வாசி அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது; மிச்சமிருக்கும் முண்டைக் கடைசியாக வளையத்தையொட்டி அறுக்கவும்.

குடியாத்தம் பக்கம் பழைய மாமரங்களைக் கவாத்து செய்பவர்களுக்கு மட்டும் விலக்கு: பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை பூசலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தனித்தனியே 5 லிட்டர் நீரில், பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக் கலக்கவும். தேய்த்த இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு படிகிறதா? இன்னும் சுண்ணாம்பு சேருங்கள், இல்லாவிட்டால் பட்டை கருகும். அன்றே பூசிவிட வேண்டும். நிழல் இழந்த தண்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது தனி வேலை; அது வெயில் வெடிப்பைத் தடுக்க.