மலையில் வெயிலும் மழையும்: நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

மேட்டுலயம் (பசறை)

அம்மா மலையில் மயங்கி விழுந்தது 2024 மார்ச் மாதம். அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து பறித்த மலையில் நிழல் மரங்களின் கிளைகளை ஏற்கனவே வெட்டி இறக்கியிருந்தார்கள். பதினொன்றரை மணிக்கு நிறுவைக்கு நடந்து வரும்போது கால் பின்னியிருக்கிறது. கூட வந்த அக்கா பேச்சுக் கொடுத்திருக்கிறார். அம்மாவோ, என்றோ இறந்துபோன எங்கள் பாட்டிக்குச் சோறு கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் அப்படியே சரிந்துவிட்டார்.

முதுகில் கூடை, தலையில் துண்டு, இடுப்பைச் சுற்றிப் படங்கு. அந்தப் படங்கும் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் அடைத்து வைத்திருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னார். மூன்று பேர் சேர்ந்து அதை அவிழ்த்து, பீலித் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, கொழுந்துச் சாக்கால் விசிறியிருக்கிறார்கள். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனாராம், இன்னொருவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார். நினைவில்லாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். அம்மா இன்றைக்கு உயிரோடு இருப்பது அந்த மூன்று பேரால்தான். உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டினால் பேச்சுக் குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், அதுதான் ஆபத்தின் அடையாளம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அன்றைய வேலைக்கு அம்மாவுக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள்.

அந்த நாட்களில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விட்டுக்கொண்டுதான் இருந்தது. அதெல்லாம் கீழ்நாட்டுக்கு, நமக்குக் குளிர்தான் பகை என்று இருந்துவிட்டோம். கனடாவிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். லிட்டன் என்ற சிற்றூரில் 2021 ஜூன் 29ஆம் திகதி 49.6 பாகை. மறுநாளே அந்த ஊர் தீயில் எரிந்தது. அது இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அந்த ஒரு கிழமையில் மட்டும் 619 பேரை வெயில் கொண்டுபோனது. அவர்களில் அநேகமாக எல்லோருமே இறந்தது வெட்டவெளியில் இல்லை, வீட்டுக்குள். அதை வாசித்தபோது எங்கள் லயத்தின், அந்த வரிசை வீட்டின், தகரக் கூரைதான் ஞாபகம் வந்தது. பகல் இரண்டு மணிக்கு அதற்குக் கீழே எங்கள் தாத்தா படுத்திருப்பார்.

உங்கள் பக்கம் என்ன நடந்தது? எழுதுங்கள்.

பீலிக்கரை (தலவாக்கலை)

தம்பி, அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அப்படி ஆனவருக்கு வெயில் அதற்குப் பிறகு சீக்கிரம் தாங்காமல் போகலாம்.

நான் ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தேன். 2016 ஜூலையில் அங்கே மித்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை பதிவானது. நான் இருந்தது நகரத்தில், ஆனாலும் அந்தக் கிழமையை மறக்க முடியாது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் கொதிநீர்தான் வரும். காலையிலேயே வாளிகளில் பிடித்துக் குளியலறையில் வைத்துவிடுவேன், இரவில்தான் அது குளிக்கிற பதத்துக்கு வரும். உடுப்புக் காயப்போட மாடிக்குப் போனால் மூக்குக்குள் காற்று சுடும். கடைசித் துணியைப் போட்டு முடிக்கும்போது முதல் துணி காய்ந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஜூன் தொடங்கி ஓகஸ்ட் முடியும்வரை பகல் பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கட்டட வேலை செய்த நம் ஊர்ப் பையன்கள் அதனால் விடியற்காலையில் போய்விட்டு மத்தியானத்துக்குள் அறைக்குத் திரும்புவார்கள். எங்களைப் போல வீட்டுக்குள் அடுப்படியில் நிற்பவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை, அது வேறு வேதனை. பாலைவனத்தில் மாற்ற முடிந்த நேரத்தை நம் மலையில் ஏன் மாற்ற முடியாது? மார்ச், ஏப்ரலில் மட்டுமாவது மஸ்டரை, காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் நேரத்தை, முன்னால் தள்ளினால் என்ன? வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தையும் அதற்கேற்றபடி நேரத்தோடு திறக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் மாற்றினால் கைக்குழந்தைக்காரிகள்தான் மாட்டுவார்கள்.

சவுக்குமரம் (மஸ்கெலியா)

இங்கே வெயிலின் அளவை அணையில் பார்ப்போம். மவுஸ்ஸாக்கலை நீர் இறங்க இறங்க, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா வெளியே வரும். கோயில் தெரிந்தால் வறட்சி கடுமை. வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வருகிறார்கள். எங்கள் அப்பாயி அந்த ஊரில் பிறந்தவர், கரையில் நின்று அழுதுவிட்டுத்தான் வருவார்.

பணியலயம் (ஹாலிஎல)

நான் மழையைப் பற்றித்தான் எழுத முடியும்.

2025 நவம்பர் 27 இரவு. டித்வா புயல் மறுநாள்தான் கரையேறியது, ஆனால் மழை அதற்கு முன்னமே பிடித்துவிட்டது. மத்தியானம் பீலித் தண்ணீர் செம்மண் கரைசலாக வந்தது. அதற்கு முன்தினம் வரை அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். சாயங்காலம் பக்கத்துக் காம்பராக் கதவு மூட முடியாமல் இறுகியது. சட்டம் நகர்ந்திருக்கிறது. அப்பா அதைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அடையாள அட்டைகளை எடுத்து ஷொப்பிங் பையில் கட்டினார்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேறு. மண்சரிவுக்கு இதுதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. எங்களுக்குச் சிவப்பு, அதாவது ‘வெளியேறு’ என்ற எச்சரிக்கை, வந்தது. சரி, வெளியேறலாம். எங்கே? பாடசாலை அதே சரிவுக்குக் கீழே. கோயில் ஆற்றோரம். கடைசியில் பழைய கோப்பித் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு, இருட்டில், ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம். சத்தத்தைவிட முதலில் வந்தது வாசனை. புதிதாக வெட்டிய மண்ணின் வாசனை. அதற்குப் பிறகுதான் இடி மாதிரி ஒன்று. விடிந்து பார்த்தால் எங்கள் லயத்தில் பாதி இல்லை. எங்களோடு வந்தவர்கள் எல்லோரும் பிழைத்தோம். நாட்டில் 600க்கும் அதிகமானோர் போய்விட்டார்கள், அதில் பெரும்பகுதி நம் மலைநாட்டில்.

மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. அது 2014 ஒக்டோபர் 29, காலை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயமே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. ‘சொன்னார்கள், அவர்கள் போகவில்லை’ என்று இன்றும் பலர் பேசுகிறார்கள். எனக்கு நெஞ்சு எரிகிறது. ஏழு பேர்ச் நிலம்கூடச் சொந்தமாக இல்லாதவர்கள், வேலையும் அந்தத் தோட்டத்திலேயே இருக்கிறவர்கள், எங்கே போவார்கள்? மேட்டுலயம் தம்பியின் அம்மாவும் அப்படித்தானே. வெயில் என்று தெரியும். இறங்கி வந்தால் அன்றைய பேர், அந்தச் சம்பளம், போய்விடும்.

இன்னொன்று. எங்கள் சரிவில் வெடிப்பைக் கண்டது புயல் வந்த வருடத்து வறட்சியில்தான். அதில் விரலை விட்டுப் பார்த்தோம், மண் காய்ந்துபோயிருக்கிறது என்று விட்டுவிட்டோம். மழை பெய்தால் அதற்குள்தானே தண்ணீர் இறங்கும். உங்கள் லயத்துக்கு மேலே அப்படி எதாவது இருந்தால் இப்போதே கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

மேட்டுலயம் (பசறை)

அண்ணா, இரண்டு தடவை வாசித்தேன். வீட்டில் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கதவு இறுகிய இடத்தில் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பீலிக்கரை அக்கா கேட்டதற்கு ஒரு முன்மாதிரி கிடைத்தது. இந்தியாவில் அகமதாபாத். 2010 மே மாதம் 46.8 பாகை வெயிலில், வழக்கமாக அந்த மாதத்தில் இறப்பவர்களைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் நகரமே ஒரு திட்டம் போட்டது. முன்கூட்டியே நிற எச்சரிக்கை, தெருவில் குடிதண்ணீர், ஆஸ்பத்திரியில் பனிக்கட்டி, ஊழியர்களுக்குப் பயிற்சி. பிறகு ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசினார்கள், சுண்ணாம்புதான். நானும் போன ஞாயிறு எங்கள் தகரத்துக்குப் பூசினேன். தாத்தா பகலில் தூங்குகிறார்.

நாங்கள் பதினாறு பேர் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். வறட்சி மாதங்களில் மஸ்டரை முன்னால் கொண்டுவருவது, பிள்ளை மடுவத்தை அதோடு திறப்பது, மலையில் தண்ணீர் பீப்பாய், ஏப்ரல் முடியும்வரை நிழல் மரக் கிளையை வெட்டாமல் இருப்பது. மயங்கி விழுகிறவருக்கு முழுப்பேர் என்பதையும் அம்மா சேர்க்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை தோட்டத் துரையைப் பார்க்கப் போகிறோம். வேறு தோட்டத்தில் எங்காவது நேரத்தை மாற்றியிருந்தால் அதற்கு முன் இங்கே எழுதிவிடுங்கள், கையில் கொண்டுபோக உதவும்.