அன்பாயிருக்கிறாயா, நேசிக்கிறாயா? யோவான் 21இல் பேதுரு ஏன் துக்கப்பட்டார்

நாசரேத்தூரான்:
போன ஞாயிறு எங்கள் சபையில் யோவான் 21:15-17 பிரசங்கம். தன்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று இயேசு மூன்று தரம் பேதுருவைக் கேட்கிறார். முதல் இரண்டு தரம் அவர் கேட்கும் கிரேக்க வினைச்சொல் 'அகபாவோ'. பேதுரு மூன்று தரமும் 'ஃபிலேயோ' என்றே பதில் சொல்கிறார். மூன்றாம் தரம் இயேசுவும் ஃபிலேயோவுக்கு வந்துவிடுகிறார். அகபாவோ தன்னையே கொடுக்கிற தெய்வீக அன்பு, ஃபிலேயோ வெறும் சிநேகம். இயேசுவை அறியேன் என்று மறுதலித்த வாயால் பேதுருவுக்குப் பெரிய சொல்லைச் சொல்ல முடியவில்லை, ஆண்டவரே இறங்கி வந்தார் என்று பாஸ்டர் ஐயா சொன்னபோது கண் கலங்கிவிட்டது. இங்கே ஒருவர் முன்பு "அது பிரசங்க மேடையில் பிறந்த வித்தியாசம்" என்று எழுதியிருந்தார். அப்படியானால் நம் தமிழ் வேதாகமம் ஏன் "அன்பாயிருக்கிறாயா" என்ற கேள்விக்கு "உம்மை நேசிக்கிறேன்" என்று பதில் போடுகிறது? 1871இல் அதை மொழிபெயர்த்த பவர் ஐயர் குழு சும்மாவா இரண்டு சொல் போட்டது?

பழைய ஏடு:
எழுதியது நான்தான் பிரதர். அதே தமிழ் வேதாகமத்தையே எடுத்துக்கொள்வோம். யோவான் 3:35, "பிதாவானவர் குமாரனில் அன்பாயிருந்து". கிரேக்கத்தில் அகபாவோ. 5:20, "பிதாவானவர் குமாரனிடத்தில் அன்பாயிருந்து". அங்கே ஃபிலேயோ! ஒரே பிதா, ஒரே குமாரன், ஒரே சுவிசேஷம். பிதா குமாரனை வெறும் சிநேகிதனாக நினைத்தார் என்று எந்தப் பாஸ்டராவது பிரசங்கிப்பாரா? அந்த மொழிபெயர்ப்பாளர்களே அங்கே ஒரே சொல்லைத்தான் போட்டார்கள்.

11ஆம் அதிகாரத்திலும் இப்படித்தான். லாசருவின் சகோதரிகள் "நீர் சிநேகிக்கிறவன்" என்று ஆள் அனுப்புகிறார்கள், அது ஃபிலேயோ. இரண்டு வசனம் தள்ளி, இயேசு லாசருவிடம் அன்பாயிருந்தார் என்கிறபோது அகபாவோ.

அகபாவோ எப்போதும் பரிசுத்தமான சொல்லும் இல்லை. தேமா "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" பவுலை விட்டுப் போனானே (2 தீமோ. 4:10), அந்த 'ஆசைவைத்து' அகபாவோதான். மனுஷர் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்பதும் (யோவான் 3:19) அதே சொல். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தாமாரைக் கெடுத்த அம்னோனுக்கு அவள்மேல் இருந்த மோகத்துக்கும் இதே வினைதான். அந்தக் கதையில் தன்னையே கொடுக்கிற அன்பு எங்கே இருக்கிறது?

சாந்தி_பாளை:
அம்னோன் விஷயம் எனக்குப் புதிது. வாலிபர் கூட்டத்தில் பலகையில் 'அகாப்பே' (அகபாவோவின் பெயர்ச்சொல்) என்று பெரிதாக எழுதி, அதற்கு மேல் ஓர் ஒளிவட்டமும் போட்டவள் நான் 😅 அப்போ ஃபிலேயோவுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லையா அண்ணன்?

பழைய ஏடு:
இருக்கிறது சிஸ்டர். முத்தமிடுவது. "நான் எவனை முத்தஞ்செய்வேனோ" என்று யூதாஸ் சொல்வது ஃபிலேயோ. இன்றைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு முத்தமிடு என்பதுதான் பொருள். 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்ல அகபாவோவிலிருந்து வந்த 'சகபோ'. காதலியிடமும் அதுதான், பிள்ளையிடமும் அதுதான். ஒரு சொல் முத்தத்தின் பக்கம் ஒதுங்க ஒதுங்க, அன்புக்கு மற்றது பொதுச்சொல்லாகிக்கொண்டே வந்தது. புதிய ஏற்பாட்டில் அகபாவோ 140 தடவைக்கு மேல் வருகிறது, ஃபிலேயோ 25 தடவைதான்.

நாசரேத்தூரான்:
பட்டியல் சரி. ஆனால் வேறு அதிகாரத்தில் ஒன்றாக இருந்தால் இங்கேயும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்? தனித்தனியாக வரும்போது ஒரே பொருள் தருகிற சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் உரசும். "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டவரிடம் "டிபன் ஆச்சு" என்றால், அது அதே பதிலா? கேட்ட சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லில் பதில் சொல்பவன் ஏதோ சொல்ல வருகிறான். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மறைக்கல்வி வாத்தியார்:
நாசரேத்தூரார் பக்கம் ஒரு சாட்சி: இலத்தீன் விவிலியத்திலும் முதல் இரண்டு கேள்வியில் 'திலிகிஸ்', பேதுருவின் பதிலில் 'ஆமோ', மூன்றாம் கேள்வியில் அதே வினையின் 'ஆமாஸ்'. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் "அன்பு செலுத்துகிறாயா" என்று கேட்கிறார், "எனக்கு உம்மீது அன்பு உண்டு" என்கிறார். வேறுபாடு இருப்பதைப் பார்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பழைய ஏடு:
வாத்தியார் சார், அதே இலத்தீனை வாசித்த சபைப் பிதா அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' 14ஆம் புத்தகத்தில் இதே பகுதியை எடுத்துக்காட்டித்தான் இரண்டும் ஒன்றே என்கிறார். சொல் மாறியதைக் காப்பாற்றுவது வேறு, அதில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று ஏணி வைப்பது வேறு.

டிபன் உதாரணம் அருமை, நாசரேத்தூரான். ஆனால் டிபன் மட்டும் சாப்பிட்டவர் என்ன சொல்வார்? "இல்ல, டிபன்தான் ஆச்சு" என்பார். பேதுரு சொல்வது "ஆம் ஆண்டவரே". கேட்டதற்கு ஆம் என்கிறார். அந்த 'ஆம்' உங்கள் விளக்கத்தில் எங்கே போகிறது?

இன்னொன்று. இதே மூன்று வசனத்தில் ஆட்டுக்குட்டிகள், ஆடுகள் என்று சொல் மாறுகிறது. 'போஸ்கோ', 'பொய்மாயினோ' என்று மேய்ப்பதற்கும் இரண்டு வினை. அறிவதற்கும் இரண்டு. நம் பழைய திருப்புதல் (அந்த 1871 மொழிபெயர்ப்பு) மேய்ப்பதை மூன்று இடத்திலும் "மேய்ப்பாயாக" என்றே போட்டுவிட்டது. வாத்தியாரின் பதிப்பில் மட்டும் "பேணி வளர்", "மேய்" என்று பிரிந்திருக்கிறது. அதை வைத்து யாரும் அழவைப்பதில்லையே! யோவானுக்குச் சொல்லை மாற்றி மாற்றிப் போடுவது பழக்கம், அவ்வளவுதான்.

வித்தியாசம் உண்டு என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. வெஸ்ட்காட் அகபாவோதான் உயர்ந்தது என்றார். டிரெஞ்சோ, அந்தச் சொல் பேதுருவின் காதுக்குக் குளிர்ந்துபோய்க் கேட்டது, அதனால்தான் அவர் சூடான ஃபிலேயோவைப் பிடித்துக்கொண்டார் என்றார். ஒருவருக்கு மேல்படி, இன்னொருவருக்குக் கீழ்ப்படி.

சாந்தி_பாளை:
அப்போ பேதுரு துக்கப்பட்டது எதற்கு? சொல் மாறியதால் இல்லையென்றால்?

பழைய ஏடு:
வசனமே சொல்கிறது: "மூன்றாந்தரம் தன்னைக் கேட்டபடியினாலே". மூன்று தரம் மறுதலித்தவரை மூன்று தரம் கேட்டால் வலிக்காதா? 21:9இல் கரையில் என்ன எரிகிறது பாருங்கள். கரிநெருப்பு. 'அந்த்ராக்கியா' என்ற அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இன்னொன்று 18:18, பிரதான ஆசாரியனின் முற்றம். பேதுரு குளிர்காய்ந்துகொண்டே "நான் அல்ல" என்ற நெருப்பு.

நாசரேத்தூரான்:
இப்போதுதான் இரண்டு வசனத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்தேன். இத்தனை வருஷம் அந்த அதிகாரத்தில் மீனைத்தான் பார்த்திருக்கிறேன். வலையில் விழுந்த 153 மீனுக்கு எத்தனை விளக்கம் கேட்டிருப்பேன்! அதைச் சுட்ட நெருப்பைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை.

'ஆம்' விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. சும்மா மாற்றி மாற்றிப் போடுகிறவர் என்றால், பேதுருவின் பதிலில் ஒரு தரமாவது அகபாவோ வந்திருக்க வேண்டாமா? மூன்று தரமும் மாறாமல் ஃபிலேயோ. கேட்பவர் மட்டும்தான் மாற்றுகிறார்.

பழைய ஏடு:
நியாயமான கேள்வி. இரவு பதினொன்றாகிவிட்டது, நாளை உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள் சாந்தி சிஸ்டர் அந்த ஒளிவட்டத்தை அழித்துவிடட்டும்.

சாந்தி_பாளை:
அழிக்க மாட்டேன். பக்கத்தில் ஒரு அடுப்பு வரைகிறேன்.