தம்பியின் சிறுநீரகப் புற்றுநோய்: சொந்தபந்தங்கள் அவசியம் படிக்கவும்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்குச் சிறுநீரகத்தில் கட்டி எடுத்தது உங்களுக்குத் தெரியும். அது என்ன வகை என்று இப்போதுதான் தெளிவானது. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் சிறுநீரகப் புற்றுநோயில் 'பாப்பிலரி' என்ற வகை என்றார்கள். நாற்பதுகூட ஆகாதவனுக்கு ஏன் வந்தது என்று மருத்துவருக்குச் சந்தேகம். சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். தோளிலும் மேற்கையிலும் மிளகளவில் செம்பழுப்பு முடிச்சுகள். எம்ஆர்டி ரயிலில் ஏசி குளிர் பட்டாலே சுரீர் என்கிறது என்று இவன் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது இதைத்தான். அடுத்த கேள்வி, "வீட்டுப் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே கர்ப்பப்பைக் கட்டி உண்டா?" பெரியத்தைக்கு முப்பது வயதுக்குள் கர்ப்பப்பையையே எடுத்தார்களே!

கட்டியை மறுபடி சோதித்ததில் ஃபியூமரேட் ஹைட்ரேட்டேஸ் என்ற நொதி அதில் இல்லை. ரத்தப் பரிசோதனையில், அந்த நொதியை உருவாக்கும் மரபணுவில் பிறவி மாற்றம் இருப்பது உறுதியானது. இந்த மாற்றம் இருந்தால் தோல் முடிச்சு, கர்ப்பப்பைக் கட்டி, சிறுநீரகப் புற்றுநோய் மூன்றுமே வரலாம்.

மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பங்காளி வழி மட்டுமில்லை, கட்டிக்கொடுத்த பெண்கள் வழியாகவும் போகும். வந்த எல்லோருக்கும் புற்றுநோய் வராது. வந்தாலோ, கட்டி சின்னதாக இருக்கும்போதே பரவிவிடும். அதனால் பொறுத்துப் பார்ப்பதில்லை, கண்டதும் சுற்றியுள்ள திசுவோடு எடுத்துவிடுகிறார்கள். மாற்றம் உள்ள பிள்ளைகளுக்கு எட்டு வயதிலிருந்தே வருடாவருடம் சிறுநீரக எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். சாதாரண ஸ்கேனில் சின்னக் கட்டி தப்பிவிடலாம்.

தம்பிக்கு நெறிகட்டியிலும் பரவியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெவாசிஸுமாப் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறார்கள், கூடவே தினம் எர்லோட்டினிப் மாத்திரை. மாத்திரையின் பக்கவிளைவாக முகமெல்லாம் பரு மாதிரிப் பொரிந்திருக்கிறது. ஆனால் கட்டிகள் சுருங்கியிருக்கின்றன.

இன்னொன்று. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் கட்டும் வழக்கம் நமக்கு உண்டு. இருவருக்குமே இந்த மாற்றம் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு மூளையைப் பாதிக்கும் கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு வீட்டாரும் தயவுசெய்து முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு வரன் அமையாது என்று பயந்து மறைக்க வேண்டாம்.

எந்த இடத்தில் மாற்றம் என்று தெரிந்துவிட்டதால், மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. மதுரையோ சென்னையோ கோலாலம்பூரோ, மரபணு ஆலோசகரிடம் அதைக் காட்டுங்கள். கர்ப்பப்பை அறுவை செய்த அத்தைகள், அக்காக்களின் பழைய பயாப்ஸி அறிக்கை பீரோவில் கிடந்தால் படமெடுத்து எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், தம்பியின் மருத்துவர் கேட்டிருக்கிறார்.