பூஞ்சை என்றுதான் நானும் எழுதிவைத்தேன்

முதுகலை படிக்கும்போது, ஆளி என்ற கடல் சிப்பிக்குள் வாழும் ஒட்டுண்ணியைத் தேடும் சோதனையில் நடந்தது. ஆளியின் செவுளைக் கடுகளவு வெட்டி, தயோகிளைகோலேட் என்ற வளர்ப்புத் திரவத்தில் ஆண்டிபயாட்டிக்கோடு சேர்த்துப் போட்டு, வெளிச்சம் படாமல் ஒரு வாரம் மூடி வைக்கச் சொன்னார்கள். கிருமியைத் தேடுகிறோமா ஊறுகாய் போடுகிறோமா என்றே எனக்குப் புரியவில்லை. ஏழாம் நாள் அதை ஸ்லைடில் நசுக்கி நிறமேற்ற லூகால் அயோடின் ஒரு சொட்டு விட்டேன். மைக்ராஸ்கோப்பில் பழுப்புத் திசுவுக்குள் கருநீல உருண்டைகள், மரத்தடியில் நாவல்பழம் கொட்டிக் கிடக்கிற மாதிரி! "பூஞ்சை வித்துகள்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

சார் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லப்பா, பெரிய பெரிய ஆளுங்களே இப்படித்தான் எழுதினாங்க."

அது உண்மைதான். அமெரிக்காவின் லூசியானாவில் 1940களில் ஆளிகள் கூட்டமாகச் செத்தபோது எண்ணெய் எடுப்பதுதான் காரணம் என்று ஆளி வளர்ப்பவர்கள் வழக்குப் போட்டார்கள், அதை ஆராயப் போன இடத்தில்தான் இந்த ஒட்டுண்ணி சிக்கியது. 1950இல் டெர்மோசிஸ்டிடியம் என்று பூஞ்சைக் கணக்கில் பெயர் வைத்தார்கள். பெர்கின்சஸ் என்ற இன்றைய பெயர் வந்தது 1978இல். இந்தியக் கரையின் முத்துச்சிப்பியிலும் இதன் ஓல்செனி இனம் பதிவாகியிருக்கிறது.

ஏமாற்றுவது அதன் உருவம்தான். ஆளிக்குள் இருக்கும்போது செல்லின் பெரும்பகுதியை ஒரே ஒரு குமிழ் பிடித்துக்கொள்ள, உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பார்க்க முத்திரை மோதிரம் மாதிரி இருக்கும். அந்தத் திரவத்தில் போட்டால் அதே செல் பல மடங்கு ஊதித் தடித்த சுவரோடு உருண்டையாகும், அதைத்தான் நான் வித்து என்று நினைத்தது. கடல்நீருக்கு மாற்றினால் உள்ளே பிரிந்து பிரிந்து, இரண்டு கசையிழைகளோடு நீந்தும் குஞ்சுகளாக வெளியே வரும். அந்தக் குஞ்சின் முனையில், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், ஒரு பக்கம் திறந்த சின்னக் கூம்பு தெரியும். மலேரியாக் கிருமியின் கூட்டத்துக்கு அடையாளமே இப்படிப்பட்ட முனையமைப்புதான், அதனால் பூஞ்சையிலிருந்து எடுத்து அந்த வீட்டில் சேர்த்தார்கள். அப்புறம் மரபணு வரிசைகளை ஒப்பிட்டால், கடலில் செந்நிறப் பெருக்கு உண்டாக்கும் ஒருசெல் உயிர்களான டைனோஃப்ளாஜெல்லேட்டுகளுக்குத்தான் இன்னும் நெருக்கம். ஆக மலேரியாவுக்கு உடன்பிறப்பு இல்லை, பங்காளி வீடு. என்னைக் கேட்டால் மோதிரத்தையும் உருண்டையையும் விட்டுவிட்டு அந்தக் குஞ்சை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

* * *

இன்னொரு முறை எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். பாறையில் சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும் பாலிகீட் என்ற கடற்புழுவின் குடலைப் பிரித்தபோது உள்ளே இன்னொரு புழு நெளிந்தது. உருளைப்புழு என்று முடிவுகட்டி, வாய் எங்கே ஆசனவாய் எங்கே என்று அரைமணி நேரம் தேடினேன். எதுவும் இல்லை! நடுவில் ஒரே ஒரு உட்கரு. முழுவதும் ஒரே செல்தான், கிரெகாரைன் என்ற ஒருசெல் ஒட்டுண்ணிக் கூட்டத்தில் செலினிடியம் வகை.

மேல்தோலில் நீளவாக்கில் வரிகள், அதற்கு அடியில் நுண்குழல்கள் அடுக்கடுக்காக இருப்பதால்தான் அந்த நெளிவு. முன்முனையைக் குடல் செல்லில் பதித்து உள்ளிருப்பதை உறிஞ்சும். இது மலேரியாக் கிருமியின் வீட்டுக்குள்ளேயே உள்ளது, பழைய கிளை என்கிறார்கள், செல்லுக்குள் முழுசாகப் புகுந்து ஒளியும் வழக்கம் வருவதற்கு முந்தைய வாழ்க்கைமுறை. ஆனால் கிரெகாரைன்களின் மரபணுக்கள் பலவற்றில் மாற்றம் ரொம்ப வேகமாக நடந்திருப்பதால் உறவு மரம் வரையும்போது கிளைகள் தாறுமாறாக நீளும், எது எதற்குப் பக்கத்தில் என்று சண்டை ஓயவில்லை.

வேறொரு பாலிகீட்டில் லெகுடினா என்ற இன்னொரு கிரெகாரைன் மாதிரி ஒன்றும் பார்த்தேன். அது நெளியவே இல்லை. விறைப்பாக, பனிக்கட்டி மேல் படகு போவதைப் போல வழுக்கிக்கொண்டு போனது. மேற்பரப்பில் நுண்ணிய மடிப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வீடியோ எடுத்தேன், அந்த போன் அடுத்த வாரமே கடலில் விழுந்துவிட்டது.