அம்மாவின் முழங்கால் வலி: புதுப்பிப்பு
கொழுந்து பறித்தே காலம் போன அம்மாவுக்கு முழங்கால் தேய்வு, ஹட்டனில் குழுவாகச் செய்யும் பிசியோதெரபி பயிற்சிக்கு அனுப்பலாமா, வலி கூடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, அம்மா போய் வருகிறார்.

பயிற்சி பெரும்பாலும் கதிரையில்தான். காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கிப் பிடிப்பது, கையூன்றாமல் எழுந்து உட்காருவது, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. தொடைத் தசை பலப்பட்டால் மூட்டுக்கு நல்ல தாங்கல் கிடைக்கும், அதுதான் விஷயம். செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை, ஆனால் மறுநாளைக்குள் அடங்கவேண்டும், அடங்காவிட்டால் அடுத்த முறை குறைத்துச் செய்யச் சொல்கிறார்கள். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய க்ளாட் என்ற குழுப் பயிற்சியும் இந்த மாதிரிதான், வாரம் 2 தடவை, 6 வாரம்.

வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் லயத்துப் படியில் பக்கவாட்டாக இறங்கியவர் இப்போது நேராக இறங்குகிறார், பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்! கூட வரும் அக்காமார்தான் பெரிய பலம், அம்மா சோர்ந்தாலும் "வாங்கக்கா, போவோம்" என்று விடாமல் கூட்டிப்போகிறார்கள். மழை நாளில் பஸ் கஷ்டம், அன்றைக்கு வீட்டிலேயே செய்யவைக்கிறேன்.

மூட்டு திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்தி முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.